மனை இல்லாதவரின் வாடகை: காரைக்காலின் ஐந்து சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு உறுப்பினர்களுக்கு,

நெடுங்காடு, திருநள்ளாறு, காரைக்கால் வடக்கு, காரைக்கால் தெற்கு, நிரவி–திருப்பட்டினம் ஆகிய ஐந்து தொகுதிகளின் உறுப்பினர்களுக்கும் சேர்த்தே இந்த மடலை எழுதுகிறேன். கட்சி பார்த்து எழுதவில்லை. இன்று அந்த நாற்காலியில் இருப்பவருக்கும் நாளை அதில் உட்கார நினைப்பவருக்கும் இது பொருந்தும்.

நெடுங்காடு கொம்யூன் பஞ்சாயத்தில் உள்ள குரும்பகரம் என் ஊர். அக்கம்பக்கத்தாருக்கு மனு எழுதிக் கொடுப்பது என் பழக்கம். முதியோர் பென்ஷன், ரேஷன் அட்டையில் பெயர் சேர்ப்பது, சாதிச் சான்றிதழ், கல்வீடு கட்ட மானியம் என்று எதைக் கேட்டு வந்தாலும் அதற்கு ஒரு படிவம் உண்டு. கிடைக்கிறதோ இல்லையோ, எழுதிப் போட ஓர் இடம் உண்டு. “வாடகை கொடுக்க முடியலை, கவர்மெண்டுல ஏதாச்சும் கிடைக்குமா?” என்று கேட்டு வருபவருக்குத்தான் கொடுப்பதற்கு என்னிடம் படிவம் இல்லை. புதுச்சேரி அரசின் எந்தத் துறையிலும் அப்படி ஒரு படிவம் இல்லை. அந்தப் படிவத்தை உண்டாக்குங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

“கிராமத்தில் யார் ஐயா வாடகைக்கு இருக்கிறார்கள்?” என்று நீங்கள் கேட்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் ஊரகக் குடும்பங்களில் நூற்றுக்கு 3.4 மட்டுமே வாடகை வீட்டில் இருந்தன. நகரங்களில் அது 27.5. வாடகை நகரத்தாரின் கவலை என்ற எண்ணம் கோப்புகளில் ஊறிப்போனதற்கு இந்த எண்களும் ஒரு காரணம். ஆனால் காரைக்காலை ஊரகம், நகரம் என்று கோடு கிழித்துப் பிரிக்க முடியுமா? ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர் பரப்பில் அதே கணக்கெடுப்பு கண்ட மக்கள் 2,00,222 பேர். காலையில் கொம்யூன் ஊர்களிலிருந்து கிளம்பி நகரத்தில் வேலை பார்த்துவிட்டு மாலையில் திரும்புகிறவர்கள் இங்கே பலர். துறைமுகம் வந்தது, என்.ஐ.டி. வந்தது, ஜிப்மர் கிளை வந்தது. வெளியூரிலிருந்து வருகிறவருக்கு வீடு வேண்டும். அவர் கொடுக்கிற வாடகையை உள்ளூர்க் கூலிக்காரரால் கொடுக்க முடியாது. கூலிக்காரர் இன்னும் உள்ளே தள்ளிப்போய் ஓட்டு வீட்டின் பின்கட்டையோ கூரை வீட்டின் ஒரு பாதியையோ தேடுகிறார்.

எங்கள் பக்கம் வாடகைக்கு இருப்பவர்கள் யாரென்று சொல்கிறேன். அப்பாவின் இரண்டு அறை வீட்டில் அண்ணன் குடும்பம் இருப்பதால் தனிக்குடித்தனம் போன இளைய மகன். புருஷன் இல்லாமல் பிள்ளைகளோடு தனியாக நிற்கும் பெண். பட்டினத்துக் கம்பெனிகளில் ஒப்பந்தக் கூலிக்குப் போகிறவர். கடையில் நிற்கும் பெண்கள், ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்பவர்கள், ஓர் அறையில் ஆறேழு பேராகத் தங்கும் வடமாநிலக் கட்டுமானத் தொழிலாளர்கள். அறுவடை மிஷின் வந்த பிறகு குறுவைக்கும் சம்பாவுக்கும் கிடைத்துவந்த வயல் வேலை சுருங்கிவிட்டது. வேலை தேடி ஊர் மாறுகிறவர் முதலில் தேடுவது வாடகை வீட்டைத்தான்.

இவர்களில் பெரும்பாலோரிடம் வாடகை ஒப்பந்தம் கிடையாது. எழுதிக் கொடுத்தால் வரி வருமோ, வழக்கு வருமோ என்று வீட்டுக்காரருக்குப் பயம். எழுதிக் கேட்டால் வீடே கிடைக்காதோ என்று குடியிருப்பவருக்குப் பயம். ஒப்பந்தம் இல்லாததால் முகவரிச் சான்று இல்லை. ரேஷன் அட்டை இன்னும் அப்பன் வீட்டு முகவரியிலேயே கிடக்கிறது. ஆகவே அரசின் பதிவேட்டில் இவர்கள் ‘சொந்த வீட்டில்’ இருக்கிறார்கள். எண்ணப்படாதவர்களுக்குத் திட்டம் தீட்டுவது எப்படி?

வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கான சிவப்பு ரேஷன் அட்டை வைத்திருப்பவர் ஒருவரின் வரவு செலவைப் பார்ப்போம். 2025–26இல் புதுச்சேரியில் நூறு நாள் வேலைக்கு நாள் கூலி 336 ரூபாய். ஒரு குடும்பத்துக்கு நூறு நாளும் முழுதாகக் கிடைத்துவிட்டதாகவே கொள்வோம். வருடத்துக்கு 33,600 ரூபாய், மாதத்துக்கு 2,800. நூறு நாள் மண் சுமந்த கூலி, ஒரு சிறிய வீட்டின் வாடகையோடு தீர்ந்துபோகும் தொகை. அட்வான்ஸ் தனி, கரண்ட் பில் தனி. வாடகையைக் கொடுத்த பிறகு மிச்சமிருப்பதில்தான் மளிகை, மருந்து, பள்ளிச் செலவு எல்லாம். மற்றச் செலவுகளைக் குறைக்கலாம், தள்ளிப்போடலாம், வாடகையை முடியாது. அதனால்தான் தண்டல் வட்டிக்குக் கைநீட்டுகிறவர்கள் பலர் முதல் முறை வாங்கியது வாடகைக்காகத்தான் என்கிறார்கள்.

அரசுக்கு வீட்டு விஷயத்தில் அக்கறை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். காவிரி டெல்டாவில் அதற்கு நீண்ட வரலாறு உண்டு. மிராசுதாரின் மனையில் குடிசை போட்டிருந்த பண்ணையாள், கூலி கூடக் கேட்டால் மனையை விட்டே விரட்டப்பட்ட காலம் இருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் தஞ்சை மாவட்டத்தில் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1952இல். அப்போது நாம் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தோம். 1971இல் தமிழ்நாடு குடியிருப்பு அனுபோகதாரர் சட்டம், குடியிருந்த மனையையே விவசாயத் தொழிலாளருக்கு உரிமையாக்கியது. அதையொட்டிப் புதுச்சேரியும் சட்டம் செய்தது. குடியிருக்கும் இடத்துக்கு இன்னொருவர் தயவை நம்பியிருப்பவர் கூலிக்கும் வாய் திறக்க முடியாது என்ற உண்மையை அந்தத் தலைமுறை அரசியல்வாதிகள் புரிந்து வைத்திருந்தார்கள். பிறகு காமராஜர் பெயரில் கல்வீட்டுத் திட்டம் வந்தது. குடிசை மாற்று வாரியம் மானியம் கொடுத்தது. கூரைகள் தளமாயின. நல்ல வேலை.

ஆனால் இந்தத் திட்டங்கள் எல்லாம் ஒரே கேள்வியில் தொடங்குகின்றன: மனை இருக்கிறதா, பட்டா இருக்கிறதா? இல்லை என்று சொன்னவுடன் மனு திரும்பி வந்துவிடுகிறது. மனை பெற்றவரின் பிள்ளைகள் மூன்று பேர் என்றால், அந்த ஒரு மனையில் மூன்று குடும்பங்கள் அடங்காது. முதல் தலைமுறைக்குக் கிடைத்த உரிமையின் மிச்சம், மூன்றாம் தலைமுறைக்கு வாடகையாக வந்து நிற்கிறது.

மத்திய அரசின் பிரதமர் வீட்டுவசதித் திட்டம் நகர்ப்புறம் 2.0-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஆகஸ்டில் அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஐந்தாண்டில் ஒரு கோடிக் குடும்பங்கள், 2.30 லட்சம் கோடி ரூபாய் உதவி என்று அறிவித்தார்கள். சொந்த மனையில் வீடு கட்டுபவருக்குப் புதுச்சேரியில் மத்திய அரசின் பங்கு மட்டும் 2.25 லட்சம் ரூபாய். வங்கிக் கடனில் வீடு வாங்குபவருக்கு வட்டி மானியமாக 1.80 லட்சம் வரை; ஆண்டு வருமானம் 9 லட்சம் ரூபாய் உள்ள குடும்பம்கூட இதைக் கேட்கலாம். மாதம் எழுபத்தைந்தாயிரம் சம்பாதிக்கிறவர் வீடு வாங்க அரசு கைகொடுக்கிறது. மாதம் பத்தாயிரம் சம்பாதித்து, மனையும் இல்லாமல், வங்கிக் கடனுக்கும் தகுதி இல்லாமல் வாடகைக்கு இருப்பவருக்கு அதே திட்டத்தில் கைக்கு வருவது ஒன்றுமில்லை.

அந்தத் திட்டத்தில் வாடகை வீடு என்றொரு பிரிவும் இருக்கிறது; மறைக்கவில்லை. அதற்கு முன்னோடி 2020 ஜூலையில் வந்த குறைந்த வாடகைக் குடியிருப்புத் திட்டம். கொரோனா ஊரடங்கில் லட்சக்கணக்கான தொழிலாளர்கள் வாடகை கொடுக்க வழியின்றி நெடுஞ்சாலைகளில் நடந்ததைப் பார்த்த பிறகு வந்த யோசனை அது. அரசுப் பணத்தில் கட்டிக் காலியாகக் கிடந்த வீடுகளை வாடகைக்கு விடுவது ஒரு வழி, நிறுவனங்களே கட்டி விடுவது இன்னொரு வழி. இரண்டிலும் அரசின் உதவி கட்டடத்துக்குப் போகிறது. பெரிய தொழிற்பேட்டை உள்ள இடத்தில் இது பலன் தரும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்க 706.50 கோடி ரூபாயில் சிப்காட் கட்டிய விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. குரும்பகரத்திலோ வடமட்டத்திலோ அப்படி ஒரு கட்டடத்தை யார் கட்டுவார்கள்? இங்கே வீடுகள் ஏற்கெனவே இருக்கின்றன. வாடகை கொடுக்கத்தான் தெம்பு இல்லை.

வாடகைக்கு அரசு பணம் கொடுப்பது நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் நாட்டில் அது நாள்தோறும் நடக்கிறது. உங்கள் அலுவலக உதவியாளரின் சம்பளச் சீட்டைப் பாருங்கள்: வீட்டு வாடகைப் படி. மத்திய அரசின் சம்பள விதிப்படி பெரிய நகரங்களின் பட்டியலில் இல்லாத ஊர்களில் இன்று அது அடிப்படைச் சம்பளத்தில் 10 சதவீதம். இடைநிலை நகரங்களில் 20, பெருநகரங்களில் 30. 18,000 ரூபாய் அடிப்படைச் சம்பளம் வாங்கும் கடைநிலை ஊழியருக்கும் மாதம் 1,800 ரூபாய் வாடகைக்கென்றே வருகிறது. சம்பளத்தில் அந்தப் படி இல்லாதவர் வருமான வரி கட்டுகிறவராக இருந்தால், 1961 சட்டத்தின் பழைய வரி முறையில் 80ஜிஜி பிரிவின்படி மாதம் 5,000 ரூபாய் வரை வாடகையைக் கழித்துக்கொள்ள இடம் கொடுத்தார்கள். இவற்றை யாரும் இலவசம் என்று சொல்வதில்லை. சொல்லவும் கூடாது, நியாயமான செலவுக்கு நியாயமான ஈடு. அந்த நியாயம் மாதச் சம்பளக்காரரின் வாசலோடு நின்றுவிடுகிறது. சம்பளச் சீட்டும் வரிக் கணக்கும் இல்லாத கூலிக்காரரின் வாடகையும் அதே வாடகைதானே?

வேறு சிலருக்கும் அரசு வாடகை கொடுத்திருக்கிறது. சென்னையில் பழைய வாரியக் குடியிருப்புகளை இடித்துக் கட்டும்போது, வெளியேறி வாடகைக்குப் போகும் குடும்பங்களுக்குத் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் கருணைத் தொகை தருகிறது. 8,000 ரூபாயாக இருந்ததை 24,000 ஆக உயர்த்தினார்கள். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டு நிலச்சரிவில் வீடிழந்தவர்களுக்குக் கேரள அரசு மாதம் 6,000 ரூபாய் வாடகை அறிவித்தது. அரசே வீட்டை இடித்தால் வாடகை உண்டு; மலை சரிந்தாலும் உண்டு. வருமானம் சரிந்தால் மட்டும் இல்லை.

டெல்லியில் நடந்ததையும் நினைவுபடுத்துகிறேன், ஏனென்றால் அதில் உங்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. 2020 மார்ச் 29 அன்று, ஏழ்மையால் வாடகை கொடுக்க முடியாதவர்களுக்கு அரசே கொடுக்கும் என்று அன்றைய முதல்வர் அரவிந்த் கெஜ்ரிவால் செய்தியாளர் சந்திப்பில் சொன்னார். பணம் வரவில்லை. கூலித் தொழிலாளர்களும் ஒரு வீட்டுக்காரரும் நீதிமன்றம் போனார்கள். முதல்வர் கொடுத்த வாக்கு நிறைவேற்றத்தக்கது, ஆறு வாரத்துக்குள் முடிவெடுங்கள் என்று டெல்லி உயர் நீதிமன்றத்தின் ஒரு நீதிபதி 2021 ஜூலையில் தீர்ப்பளித்தார். அரசு மேல்முறையீடு செய்தது. செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. ஒலிபெருக்கியில் சொல்லும் வாக்குக்கும் அரசாணைக்கும் உள்ள தூரம் அவ்வளவு. ஆகவே உங்களிடம் நான் வாக்குறுதி கேட்கவில்லை. அரசாணை கேட்கிறேன்.

இதில் காரைக்காலுக்கே உரிய ஒரு விசித்திரம் இருக்கிறது. 1954 நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியும் இந்தியாவோடு இணைந்தோம். அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் உண்டு, விட்டவர்கள் உண்டு. பிரெஞ்சுப் படையில் இருந்ததற்காகச் சொல்தா பென்ஷன் வாங்கிய தாத்தாக்களை நம் தெருக்களில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இன்று நம் மாவட்டத்தாரின் பிள்ளைகள் பாரிஸ் சுற்றுவட்டாரத்தில் ஆயிரக்கணக்கில் வாழ்கிறார்கள். அவர்களில் யாரிடமாவது போனில் “வாடகைக்கு என்ன செய்கிறாய்?” என்று கேட்டுப் பாருங்கள். ‘காஃப்’ என்பார்கள், ‘ஆ.பே.எல்.’ என்பார்கள்.

காஃப் என்பது குடும்ப உதவித் தொகை வழங்கும் நிதியகம். ஆ.பே.எல். என்பது 1977 ஜனவரி 3ஆம் தேதிச் சட்டத்தால் வந்த வாடகை உதவி. குடும்பத்தில் எத்தனை பேர், வருமானம் எவ்வளவு, வாடகை எவ்வளவு, வீடு எந்த மண்டலத்தில் இருக்கிறது என்று பார்த்துத் தொகையைக் கணக்கிடுகிறார்கள். 2021 முதல் கடந்த பன்னிரண்டு மாத வருமானத்தை வைத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு திருத்தப்படுகிறது. வேலை போனால் உதவி கூடும், சம்பளம் உயர்ந்தால் குறையும். பல வீடுகளில் பணம் நேரே வீட்டுக்காரர் கணக்குக்குப் போகிறது. மீதியைக் குடியிருப்பவர் கட்டுகிறார். பெற்றோர் வீட்டிலோ பிள்ளை வீட்டிலோ வாடகைக்கு இருப்பதாகக் காட்டினால் உதவி கிடையாது. வீடு குடியிருக்கத் தகுதியற்றது என்று தெரிந்தால், பழுது பார்க்கும்வரை வீட்டுக்காரருக்குப் போக வேண்டிய தொகையை நிறுத்தி வைக்க 2014இல் சட்டம் செய்தார்கள். பிரெஞ்சுக் குடிமக்களுக்கு மட்டும் உரியதல்ல இது. முறையான அனுமதியோடு வாழ்பவர்களும் பெறலாம். ஈழத்திலிருந்து போய்ச் சேர்ந்த நம் உறவுகளும் அந்தப் படிவத்தை நிரப்பியவர்கள்தாம்.

1962இல் ஒரே வீட்டில் இருந்த அண்ணன் தம்பி இருவரை நினைத்துப் பாருங்கள். ஒருவர் பிரெஞ்சுக் காகிதத்தை வைத்துக்கொண்டார், மற்றவர் இந்தியக் குடிமகன் ஆனார். அண்ணனின் பேரன் பாரிஸை அடுத்த சார்செல்லில் கம்பெனி வேலை போய்விட்டால் வாடகை உதவியை உரிமையாகக் கேட்கிறான். தம்பியின் பேரன் நெடுங்காட்டில் வேலை போனால் உங்கள் வீட்டு வாசலில் சிபாரிசுக் கடிதத்துக்கு நிற்கிறான். இந்தியா பிரான்ஸ் அளவுக்குப் பணக்கார நாடு இல்லை, தெரியும். தொகை அவ்வளவு இருக்க வேண்டாம். முறை இருக்கலாமே?

இனி, நீங்களும் அதிகாரிகளும் எழுப்பக்கூடிய மறுப்புகளுக்கு வருகிறேன். அவற்றில் உண்மை இருக்கிறது.

உதவி கொடுத்தால் வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றிவிடுவார்கள் என்பது முதல் மறுப்பு. பிரான்சிலேயே பொருளாதார அறிஞர்கள் இதைக் காட்டியிருக்கிறார்கள். உதவியில் பெரும்பங்கு வாடகை உயர்வாக வீட்டுக்காரர் கைக்கே போனது என்பது அவர்கள் கண்டது. ஆகவே தொகையை உண்மை வாடகையோடு கட்டக் கூடாது. கொம்யூன்வாரியாக, அறை எண்ணிக்கைக்கு ஏற்ப ஒரு வரையறை வாடகையை நிர்ணயித்து, அதற்கு மேல் போனால் உதவி கூடாது என்று வைக்க வேண்டும். உதவி வாங்கும் வீட்டில் குறைந்தது இரண்டு ஆண்டு வாடகை ஏறாது என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும்.

பொய் ஒப்பந்தம் போடுவார்கள் என்பது இரண்டாவது. போடுவார்கள். பொய்ச் சான்றிதழ் இல்லாத திட்டம் எது? நெருங்கிய உறவினர் வீட்டுக்குக் கிடையாது என்ற விதியும், வாடகை வங்கி வழியே போக வேண்டும் என்ற விதியும், நேரில் வந்து பார்க்கும் ஓர் ஊழியரும் இருந்தால் பெரும்பகுதி அடைபடும்.

பணம் எங்கே என்பது மூன்றாவது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குடும்பம் வாடகைக்குக் கொடுக்கட்டும்; மீதியை அரசு தரட்டும் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 10,000 வருமானம், 3,000 வாடகை என்றால் குடும்பம் 2,000, அரசு 1,000. மாவட்டத்தில் இப்படி 5,000 குடும்பங்கள் என்றே கொள்வோம். ஆண்டுக்கு ஆறு கோடி ரூபாய். 2025–26க்குப் புதுச்சேரி போட்ட பட்ஜெட் 13,600 கோடி. பத்தாயிரம் ரூபாய் வைத்திருப்பவர் ஐந்து ரூபாய்கூட எடுக்காத கணக்கு இது. குடும்பங்களின் எண்ணிக்கை இரட்டிப்பானாலும் கருவூலம் காலியாகாது.

வீட்டுக்காரர்களை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். எங்கள் ஊரில் வாடகைக்கு விடுபவர் பங்களாக்காரர் இல்லை. பின்கட்டைப் பிரித்து விட்டு, அந்த வாடகையில் மருந்து வாங்கும் வயதானவர்கள்தாம் பலர். வாடகை தவறினால் இரண்டு வீட்டு உலையும் பாதிக்கப்படுகிறது. ஒழுங்காக வரும் உதவி அவர்களையும் தாங்கும். ஒப்பந்தம் எழுதும் பயத்தையும் போக்கும்.

பணத்தைக் கணக்கில் போடும் வேலை புதுச்சேரிக்குப் புதிதும் இல்லை. 2015இலேயே ரேஷன் அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போட நாட்டிலேயே முதலில் மாறிய இடங்களில் நம்முடையதும் ஒன்று. வேறு அரசு உதவி பெறாத குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டத்தை 2023 ஜனவரியில் தொடங்கினீர்கள். சிவப்பு அட்டை, மஞ்சள் அட்டை என்று பிரித்து எரிவாயு சிலிண்டருக்கு மானியம் கொடுக்கிறீர்கள். பட்டியல், கணக்கு எண், அனுப்பும் வழி எல்லாம் இருக்கிறது.

அரிசிப் பணத்தின் அனுபவத்தையும் மறக்கக் கூடாது. பணம் தாமதமாக வந்தது. வந்த பணத்துக்குக் கடையில் அதே அரிசி கிடைக்கவில்லை. மக்கள் அரிசியே வேண்டும் என்றார்கள். 2024 தீபாவளியையொட்டி ரேஷன் கடைகளை மீண்டும் திறந்தீர்கள். வாடகை உதவியும் மூன்று மாதம் பிந்தி வந்தால் அதற்கு அர்த்தமில்லை. வீட்டுக்காரர் ஐந்தாம் தேதி கேட்கிறார். ஐந்தாம் தேதிக்குள் வர வேண்டும். விலை ஏறும்போது தொகையும் ஏற வேண்டும்.

யார் தகுதியானவர் என்று முடிவு செய்யப்போவது யார் என்பதுதான் எனக்குள்ள பெரிய கவலை. கொம்யூன் பஞ்சாயத்துக்கு 1968க்குப் பிறகு 2006இல்தான் தேர்தல் நடந்தது. 2011இல் அப்போது தேர்வானவர்களின் பதவிக்காலம் முடிந்ததோடு சரி. அதன் பிறகு நாங்கள் தேர்ந்தெடுத்த பஞ்சாயத்து இல்லை. எந்தத் தெருவில் யார் வாடகைக்கு இருக்கிறார், யாருக்கு இந்த மாதம் வேலை போனது என்பது வார்டு உறுப்பினருக்குத் தெரியும். ஆணையர் அலுவலகத்துக்குத் தெரியாது. உள்ளாட்சி இல்லாத இடத்தில் எல்லாப் பட்டியலும் உங்கள் வீட்டு வாசலில்தான் தயாராகிறது. அது உங்களுக்குப் பலம் போலத் தெரியலாம். சிபாரிசில் வரும் உதவி அடுத்த தேர்தலில் பறிபோகும் என்பது வாங்குகிறவருக்குத் தெரியும். உரிமையாக வருவதைத்தான் நம்பி ஒரு குடும்பம் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க முடியும்.

சட்டப் பாதுகாப்பும் பழையதாகிவிட்டது. நம்மிடம் இருப்பது 1969ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். பக்கத்தில் தமிழ்நாடு 2017இல் புதிய சட்டம் செய்து 2019 பிப்ரவரியில் நடைமுறைப்படுத்தியது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. மத்திய அமைச்சரவை 2021 ஜூனில் ஏற்ற மாதிரிச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாதம் என்கிறது. பிரான்சில் நவம்பர் முதல் மார்ச் முடிய, குளிர்காலத்தில் வாடகைக்கு இருப்பவரைப் பொதுவாக வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது. நமக்கு ஐப்பசி, கார்த்திகை உண்டு. 2008இல் நிஷா புயல் காரைக்காலுக்குப் பக்கத்தில்தான் கரை கடந்தது. 2018இல் கஜா வந்தது. அந்த மாதங்களில் சாமானை வாசலில் தூக்கி வைக்கக் கூடாது என்று சொல்ல ஒரு சட்டத்திருத்தம் போதும். அதற்குச் செலவே இல்லை.

நான் கேட்பவற்றைத் தொகுத்துச் சொல்கிறேன்.

ஒன்று: ஐந்து கொம்யூன்களிலும் காரைக்கால் நகராட்சியிலும் வாடகைக்குக் குடியிருக்கும் குறைந்த வருமானக் குடும்பங்களைக் கணக்கெடுங்கள். ஒப்பந்தம் இல்லாதவர்களையும், அட்டை வேறு முகவரியில் இருப்பவர்களையும் சேர்த்து எண்ணுங்கள்.

இரண்டு: சிவப்பு அட்டைதாரர்களில் மனையோ வீடோ இல்லாதவர்களுக்கு வருமானத்தை வைத்துக் கணக்கிடும் மாத வாடகை உதவியை அரசாணையாக வெளியிடுங்கள். கணவரில்லாத பெண்கள், மாற்றுத்திறனாளிகள், முதியோர் ஆகியோரிடமிருந்து தொடங்குங்கள். பணம் போதாது என்றால் முதல் ஆண்டு நெடுங்காடு கொம்யூனில் மட்டும் செய்து பாருங்கள்.

மூன்று: ஒரு பக்கத்தில் எளிய தமிழில் வாடகை ஒப்பந்தப் படிவம் ஒன்றைக் கொம்யூன் அலுவலகத்திலேயே இலவசமாகப் பதிவு செய்ய வழி செய்யுங்கள். அதைக் காட்டினால் அட்டையின் முகவரி மாற வேண்டும்.

நான்கு: அட்வான்ஸுக்கு இரண்டு மாத உச்சவரம்பு, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வெளியேற்றத் தடை ஆகிய இரண்டையும் சட்டமாக்குங்கள்.

ஐந்து: உள்ளாட்சித் தேர்தலை நடத்துங்கள். அதுவரை பயனாளிகள் பட்டியலை ஊர்ப் பொது இடத்தில் ஒட்டுங்கள். யார் சேர்க்கப்பட்டார், யார் விடப்பட்டார், ஏன் என்பதை ஊரே படிக்கட்டும்.

சட்டமன்றத்தில் மொத்தம் முப்பது தேர்தல் தொகுதிகள்; அவற்றில் காரைக்காலுக்கு ஐந்து. தலைநகரம் தூரம், நம் குரல் அங்கே எட்டுவதில்லை என்று நீங்கள் பலமுறை குறைப்பட்டிருக்கிறீர்கள். கட்சி வேறானாலும் ஐந்து பேரும் ஒரே தீர்மானத்தில் கையெழுத்திட்டால் எட்டும். அடுத்த கூட்டத்தொடரில் அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவாருங்கள். சம்பளக்காரருக்குக் கொடுக்கும் வாடகைப் படியைக் கூலிக்காரருக்குக் கொடுக்க மாட்டோம் என்பது உங்கள் முடிவானால், அதையும் அவையில் எழுந்து நின்று காரணத்தோடு சொல்லுங்கள். வாடகை வீட்டில் இருப்பவருக்கும் ஓட்டு இருக்கிறது, அவர் கேட்டுக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
குரும்பகரத்து வாக்காளர் ஒருவர்